குசாட்: துறைமுக நகரத்தின் பல்கலைக்கழகம்

கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் என்ற முழுப் பெயர் அரசாணைகளிலும் பட்டச் சான்றிதழ்களிலும்தான் புழங்குகிறது. பேருந்து நடத்துநர் முதல் பேராசிரியர் வரை எல்லோருக்கும் அது குசாட். கேரள அரசின் இந்தப் பல்கலைக்கழகத்துக்கு மூன்று வளாகங்கள். களமசேரியை ஒட்டிய திருக்காக்கரையில் சுமார் 180 ஏக்கரில் தலைமை வளாகம் இருக்கிறது. எர்ணாகுளம் நகருக்குள் காயலைப் பார்த்தபடி கடல் அறிவியலுக்கான வளாகம். ஆலப்புழை மாவட்டத்தின் புளிங்குன்னில், குட்டநாட்டு வயல்களுக்கும் ஆற்றுக்கும் நடுவே, 1999ல் தொடங்கிய பொறியியல் கல்லூரி.

1971ல் கேரள சட்டமன்றம் இயற்றிய சட்டத்தால் கொச்சிப் பல்கலைக்கழகம் என்ற பெயரில் இது பிறந்தது. முதல் துணைவேந்தர் ஜோசப் முண்டசேரி. மலையாள இலக்கிய விமர்சனத்தில் பெரிய பெயர். 1957ல் கேரளத்தில் அமைந்த ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவையின் கல்வி அமைச்சர். கேரளக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்து, அதனால் எழுந்த பெரும் போராட்டத்தை எதிர்கொண்டவர். பள்ளிக் கல்வியில் அத்தனை புயலைக் கிளப்பிய மனிதரிடம் ஒரு புதிய பல்கலைக்கழகத்தை ஒப்படைத்தது துணிச்சலான முடிவு. அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் முன்னிறுத்தி 1986ல் இந்தப் பல்கலைக்கழகம் திருத்தி அமைக்கப்பட்டபோதுதான் இன்றைய பெயர் வந்தது.

1971ல் எல்லாமே புதிதாகத் தொடங்கப்படவில்லை. அதற்கு முன்பே கேரளப் பல்கலைக்கழகம் எர்ணாகுளம் பகுதியில் சில முதுநிலைத் துறைகளை நடத்திவந்தது. கேரளத்தில் மேலாண்மைப் படிப்புக்கு வழி திறந்த மேலாண்மைக் கல்வித் துறை 1964லேயே இங்கு வந்துவிட்டது. அதை உருவாக்கிய எம்.வி. பைலி அரசியலமைப்புச் சட்ட அறிஞர். பின்னாளில் இதே பல்கலைக்கழகத்தின் துணைவேந்தரும் ஆனார். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த துறைகளைத் திரட்டி, அவற்றைச் சுற்றி எழுப்பப்பட்டது இந்தப் பல்கலைக்கழகம். துறைதான் இங்கே அடிப்படை அலகு என்பதற்கு இந்தப் பிறப்பும் ஒரு காரணம்.

இந்த அமைப்பைப் புரிந்துகொள்ள, கொச்சியில் காயலின் மறுகரையில் உள்ள மட்டாஞ்சேரியிலிருந்து பார்ப்பது நல்லது. மட்டாஞ்சேரிப் பகுதியில் 1967ல் தொடங்கப்பட்ட கொச்சின் கல்லூரி இருக்கிறது. அங்கே பட்டம் படிக்கும் மாணவருக்குப் பட்டம் தருவது கோட்டயத்தில் உள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகம். பாடத்திட்டமும் வினாத்தாளும் அங்கிருந்து வரும். படிப்பு முடியும்வரை அந்த மாணவர் தம் பல்கலைக்கழகத்தை ஒருமுறைகூடப் பார்க்காமல் இருக்கலாம். இந்தியாவில் பெரும்பாலான பட்ட மாணவர்களின் நிலை இதுதான். குசாட்டின் துறைகளில் படிப்பவருக்கோ வகுப்பும் ஆய்வகமும் பல்கலைக்கழகமும் ஒரே இடம். பாடத்திட்டத்தை வகுக்கும் குழுவில் இருக்கும் ஆசிரியரே மறுநாள் காலையில் கரும்பலகை முன் நிற்பார். அதே கட்டடத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் வேலை செய்வார்கள். பாடத்தில் ஒரு புதிய அத்தியாயம் சேர வேண்டுமானால் பல மாவட்டக் கல்லூரிகளின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு சுவையான ஒப்பீடு உண்டு. 1978ல் சென்னையில் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகமும் முதலில் தன் வளாகக் கல்லூரிகளோடு நின்ற பல்கலைக்கழகம்தான். 2001க்குப் பிறகு தமிழகத்தின் பொறியியல் கல்லூரிகளைத் தன் குடைக்குள் கொண்டுவந்து, தேர்வு நடத்துவதையே பெரும் பணியாகச் சுமக்கும் அமைப்பாக மாறியது. கொச்சியில் நடந்தது இதற்கு நேர்மாறு. திருக்காக்கரை மாடல் பொறியியல் கல்லூரி உள்ளிட்ட, ஐ.எச்.ஆர்.டி. என்ற கேரள அரசு நிறுவனத்தின் கல்லூரிகள் ஒருகாலத்தில் குசாட்டின் இணைப்பில் இருந்தன. கேரளத்துக்கென்று ஏ.பி.ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வந்தபின் 2015 முதல் அந்தக் கல்லூரிகளின் புதிய மாணவர்கள் அதன்கீழ் சேர்க்கப்பட்டார்கள். குசாட் தன் சொந்தப் பொறியியல் கல்விக்கூடங்களை மட்டும் வைத்துக்கொண்டது. சுமை குறைந்தது, கவனம் உள்ளே திரும்பியது. ஒரு பல்கலைக்கழகம் வளர இணைப்புக் கல்லூரிகளைக் கூட்டுவது ஒன்றே வழி அல்ல என்பதற்கு இது நல்ல சான்று.

குசாட்டின் உண்மையான பலம் அதன் துறைகள் இந்த ஊரிலிருந்து முளைத்தவை என்பதில் இருக்கிறது. கடல் அறிவியலை எடுத்துக்கொள்வோம். 1959 முதல் 1965 வரை பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து நடத்திய பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தின்போது, கப்பல்கள் அள்ளிவந்த மிதவை உயிரிகளைப் பிரித்து வகைப்படுத்தும் மையம் கொச்சியில்தான் அமைந்தது. அதுவே பிறகு தேசியக் கடலியல் நிறுவனத்தின் கொச்சி மையமாயிற்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், கடல்சார் பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் ஆகிய மூன்றுக்கும் தலைமையிடம் கொச்சியே. கடல்சார் உயிரியலோ வேதியியலோ படிக்கும் மாணவர் புராஜெக்டுக்காக வெளியூர் போக வேண்டியதில்லை. மாதிரி எடுக்கக் காயல் வாசலில் இருக்கிறது. ஆலோசனை கேட்க நிறுவனங்கள் சில கிலோமீட்டரில் இருக்கின்றன. இறால் பண்ணைகளைத் தாக்கும் நோய்களை ஆராயும் தேசிய மையம் ஒன்றும் இந்தப் பல்கலைக்கழகத்திலேயே இயங்குகிறது. பண்ணைக் குளத்தின் நீரைச் சுத்தமாக வைத்திருக்க உதவும் நல்ல நுண்ணுயிர்களை வளர்த்தெடுத்துப் பண்ணையாளர் கையில் சேர்ப்பது அதன் பணிகளில் ஒன்று.

கப்பல் தொழில்நுட்பத் துறையின் கதையும் இப்படித்தான். கொச்சி கப்பல் கட்டும் தளம் 1972ல் நிறுவனமாகப் பதிவானது. தளம் எழும்போதே கப்பல் வடிவமைப்பாளர்களும் தேவைப்பட்டார்கள். அந்தப் பத்தாண்டிலேயே குசாட்டில் கப்பல் வடிவமைப்பும் கட்டுமானமும் பட்டப் பாடமாயின. 2022 செப்டம்பரில் கடற்படையில் சேர்ந்த 262 மீட்டர் நீள விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்த் இந்தத் தளத்தில்தான் கட்டப்பட்டது. இன்று காயலில் ஓடும் வாட்டர் மெட்ரோவின் மின்படகுகளும் இங்கே உருவானவையே. கப்பலின் நிலைத்தன்மை பற்றி வகுப்பில் போடும் கணக்கு, ஆற்றுப் பாலத்தில் நின்றால் கண்முன் மிதந்துபோகிறது. படிப்பும் தொழிலும் இவ்வளவு அருகருகே இருக்கும் ஊர் இந்தியாவில் அதிகம் இல்லை.

ரப்பர் மலைநாட்டின் பயிர். நாட்டின் இயற்கை ரப்பரில் பெரும்பங்கு கேரளத்திலிருந்து வருகிறது. ரப்பர் வாரியம் கோட்டயத்தில் இருக்கிறது. களமசேரியிலேயே டயர் தொழிற்சாலை உண்டு. இவற்றின் நடுவே பாலிமர் அறிவியல், ரப்பர் தொழில்நுட்பத் துறை அமைந்தது இயல்பு. மரத்திலிருந்து வடியும் பாலை உறைய வைத்து, கந்தகம் சேர்த்துச் சூடேற்றி, அது எவ்வளவு இழுப்பைத் தாங்குகிறது என்று அளந்து பார்க்கும் மாணவர் பலரின் வீட்டுப் பின்புறத்தில் ரப்பர் மரங்கள் நிற்கின்றன. விலை வீழ்ச்சியால் தந்தை பால் வெட்டுவதை நிறுத்திய தோட்டத்துப் பிள்ளை, அந்தப் பாலுக்கு வேறு பயன் தேடும் ஆய்வகத்தில் உட்காருவது இந்தத் துறையில் நடக்கக்கூடிய காரியம்.

இவை எல்லாவற்றிலும் அதிகம் பேசப்பட வேண்டியது வளிமண்டல ஆராய்ச்சி. தென்மேற்குப் பருவமழை இந்திய நிலப்பரப்பைத் தொடும் முதல் மாநிலம் கேரளம். வழக்கமான தேதி ஜூன் 1. அந்த வாசலில் வானத்தை நோக்கி ஒரு ராடார் வேண்டும் என்ற எண்ணம் 2017ல் குசாட் வளாகத்தில் நிறைவேறியது. 205 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 619 ஆண்டெனாக்களோடு இயங்கும் அந்தக் கருவி சுமார் 20 கிலோமீட்டர் உயரம்வரை காற்றின் வேகத்தையும் திசையையும் அளக்கிறது. இத்தகைய ராடார்கள் பொதுவாக 50 மெகாஹெர்ட்ஸை ஒட்டி இயங்குபவை. திருப்பதிக்கு அருகே கடங்கியில் இருப்பது அந்த வகை. அதன் ஆண்டெனாக் களம் மட்டுமே 130 மீட்டர் நீளமும் 130 மீட்டர் அகலமும் கொண்டது. அலைநீளம் குறைந்தால் ஆண்டெனாவும் சிறுக்கும். ஆகவே நெருக்கமான நகர வளாகத்தில் ஒரு கட்டடத்தின் கூரையிலேயே கொச்சியின் ராடாரை அமைக்க முடிந்தது.

இந்த ஆராய்ச்சி ஏட்டோடு நிற்கவில்லை. 2018 ஆகஸ்டில் பெரியாறு கரைபுரண்டு ஆலுவாவையும் சுற்றுப்புறத்தையும் மூழ்கடித்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்டிலும் பேய்மழை. அடுத்தடுத்த இரண்டு வெள்ளங்களையும் ஆராய்ந்து 2021ல் வெளியான ஆய்வில் குசாட் விஞ்ஞானிகளுக்கு முக்கியப் பங்கு உண்டு. 2019ல் பெய்தது சிறு அளவிலான மேகவெடிப்பை ஒத்தது என்றும், மேற்குக் கடற்கரையில் பருவமழை மேகங்களின் அமைப்பே மாறிவருகிறது என்றும் அந்த ஆய்வு சொன்னது. முன்பு தாழ்வாகப் பரவி நிதானமாகப் பொழிந்த மேகங்களின் இடத்தில் உயரமாக எழும்பிச் சில மணி நேரத்தில் கொட்டித் தீர்க்கும் மேகங்கள் வருகின்றன. மலையோரத்தில் மண் சரிந்த ஒவ்வொரு முறையும் மலையாளத் தொலைக்காட்சிகள் இந்தத் துறையின் ஆசிரியர்களைத் தேடிப் போகின்றன. மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் மக்களுக்குத் திருப்பித் தர வேண்டியது இப்படிப்பட்ட அறிவைத்தான்.

இங்கே சேர வழி, பெரும்பாலான படிப்புகளுக்கு, கேட் எனப்படும் பொது நுழைவுத் தேர்வு. மேலாண்மைப் படிப்புக்கான தேசிய கேட் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் பெற்றோர் குழம்புவதுண்டு. குசாட்டின் தேர்வை எந்த மாநிலத்தவரும் எழுதலாம். கேரள மாணவர் ஒதுக்கீட்டோடு அகில இந்திய ஒதுக்கீடும் உண்டு. அதனால் பொறியியல் வகுப்பறைகளில் மலையாளத்தோடு இந்தியும் கேட்கிறது. பள்ளி முடித்தவர் நேராகச் சேரும் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்புகள் இங்கே பெயர் பெற்றவை. ஒளியணுவியல் முதுநிலைப் படிப்பும் சட்டப் படிப்பும் அவற்றில் சேரும். பதினேழு வயதில் லேசர் ஆய்வகத்துக்குள் காலடி வைக்கும் வாய்ப்பை ஒரு மாநில அரசுப் பல்கலைக்கழகம் தருவது சாதாரணம் அல்ல. ஆனால் பொறியியல் பட்டப் படிப்பின் கட்டணம் அரசுப் பொறியியல் கல்லூரிகளைவிடக் கூடுதல் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அரசுப் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பார்த்து வரும் ஏழைக் குடும்பத்துக்கு அது முதல் அதிர்ச்சி.

வந்துபோவதும் படிப்பின் ஒரு பகுதிதான். மட்டாஞ்சேரியிலிருந்து திருக்காக்கரை வளாகம் சுமார் 20 கிலோமீட்டர். முன்பு படகு பிடித்து எர்ணாகுளம் வந்து, நெரிசலான தனியார் பேருந்தில் இடப்பள்ளி சந்திப்பைத் தாண்டி வர வேண்டும். பாதிக் காலை அதிலேயே போய்விடும். 2017 ஜூனில் ஆலுவாவுக்கும் பாலாரிவட்டத்துக்கும் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது அதன் பதினொரு நிலையங்களில் ஒன்றுக்குக் கொச்சின் யுனிவர்சிட்டி என்றே பெயரிட்டார்கள். 2023ல் வாட்டர் மெட்ரோ வந்தது. 2025ல் மட்டாஞ்சேரி முனையமும் திறந்தது. காயலின் மறுகரையில் பிறந்த பிள்ளைக்கு, குறிப்பாக மாலை லேப் முடிந்து திரும்பும் பெண் பிள்ளைக்கு, இந்த இரண்டும் பெரிய மாற்றம்.

தினமும் வந்துபோக முடியாதவர்களுக்கு விடுதி வேண்டும். அங்கேதான் வளர்ச்சியின் வலி தெரிகிறது. துறைகளும் படிப்புகளும் கூடின. அந்த அளவுக்கு அறைகள் கூடவில்லை. தெற்குக் களமசேரியிலும் பல்கலைக்கழகச் சாலையின் கிளைத் தெருக்களிலும் வீடுகள் ஒவ்வொன்றாக வாடகை விடுதிகளாக மாறியிருக்கின்றன. பல்கலைக்கழகக் கட்டணத்தைவிட அறை வாடகையும் சாப்பாடும் பல குடும்பங்களைத் திணறடிக்கின்றன. விடுதி மெஸ்ஸில் மாணவர்களே செலவைப் பங்கிட்டு நடத்தும் முறை கேரள வளாகங்களின் நல்ல வழக்கம். ஆனால் அந்தப் பந்தியில் உட்கார இடம் கிடைத்தவர்களுக்கே அதன் பலன்.

புளிங்குன்னு மாணவர்களின் வாழ்க்கை வேறு. பாம்புப் படகுக்கும் நெல்லுக்கும் பேர்போன குட்டநாடு கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் நிலம். மழை வலுத்தால் சாலை மூழ்கும். கல்லூரி நாட்காட்டியை ஆற்றின் நீர்மட்டம் திருத்தும். நகரத்து வளாகத்தின் அதே பட்டம் கிடைத்தாலும், நிறுவனங்களுக்கும் பெரிய ஆய்வகங்களுக்கும் உள்ள தூரம் அவர்களுக்கு உண்மையான இழப்பு.

குசாட் மாணவர்கள் கேரளம் முழுமைக்கும் ஒரு நன்மை செய்திருக்கிறார்கள். செமஸ்டர் தேர்வு எழுத 75 சதவீத வருகைப் பதிவு வேண்டும் என்பது விதி. மாதவிடாய் வலியால் வகுப்புக்கு வர முடியாத நாட்களையும் இந்தக் கணக்கு விடுப்பாகவே எண்ணியது. மாணவர் பேரவை இதைக் கோரிக்கையாக எழுப்பியது. 2023 ஜனவரியில் பல்கலைக்கழகம் ஒவ்வொரு செமஸ்டரிலும் மாணவியருக்கு 2 சதவீதம் வருகைச் சலுகை தந்தது; 73 சதவீதம் இருந்தால் தேர்வு எழுதலாம். அதே மாதத்தில் கேரள அரசு இதை உயர்கல்வித் துறையின் கீழுள்ள எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் விரிவாக்கியது. பதினெட்டு வயது நிறைந்த மாணவியருக்கு 60 நாள் மகப்பேறு விடுப்பும் அந்த ஆணையில் சேர்ந்தது. மாணவர் அரசியல் என்றால் சுவரொட்டியும் மோதலும்தான் என்று எண்ணுவோர் இந்த ஆணையைப் படித்துப் பார்க்க வேண்டும். அந்த அரசியலும் அசைவற்றது அல்ல. நெடுங்காலம் மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த எஸ்.எஃப்.ஐ. கையில் இருந்த பேரவையை, சுமார் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 டிசம்பரில் காங்கிரஸ் சார்ந்த கே.எஸ்.யு. வென்றது.

2023 நவம்பர் 25 இந்த வளாகம் மறக்கக் கூடாத நாள். பொறியியல் மாணவர்கள் ஆண்டுதோறும் நடத்தும் திஷ்ணா தொழில்நுட்ப விழாவின் இசை நிகழ்ச்சி அன்று மாலை திறந்தவெளி அரங்கில் தொடங்கவிருந்தது. உள்ளே போக ஒரே வாயில். வாயிலைக் கடந்ததும் கீழ்நோக்கி இறங்கும் செங்குத்தான படிகள். மழை பெய்ததும் வெளியே காத்திருந்தவர்கள் ஒதுங்க இடம் தேடி உள்ளே தள்ளினார்கள். முன்னால் இருந்தவர்கள் படிகளில் விழ, அவர்கள்மேல் மற்றவர்கள் விழுந்தார்கள். நான்கு இளம் உயிர்கள் போயின. மூவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள். ஒருவர் விழாவைப் பார்க்க வெளியூரிலிருந்து வந்த இளைஞர். அறுபதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள்.

விசாரணைகள் நடந்தன; பொறுப்பில் இருந்தவர்கள்மேல் நடவடிக்கையும் வந்தது. ஆனால் அந்த மாலையைத் தனி விபத்தாக ஒதுக்கிவிடுவது சரியல்ல. விடுதியில் அறை போதாமையும் அரங்கில் வாயில் போதாமையும் ஒரே குறையின் இரண்டு முகங்கள். ஓர் அரங்கம் கட்டப்பட்ட காலத்தின் மாணவர் எண்ணிக்கை வேறு, சமூக ஊடக அழைப்பில் நகரமே திரளும் இன்றைய கூட்டம் வேறு. படிப்புகளைக் கூட்டும்போது நிர்வாகம் ஆய்வகத்துக்கு இடம் பார்க்கிறது. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் எப்படி வெளியேறுவார்கள் என்று பார்ப்பதில்லை. இது கொச்சிக்கு மட்டும் உரிய குறை அல்ல. கலைவிழா நடத்தும் தமிழ்நாட்டுக் கல்லூரிகள் ஒவ்வொன்றும் தன் அரங்கின் வாயில்களை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நிர்வாகத்தின் தலைமையிலும் ஒரு வெற்றிடம் நீண்டது. துணைவேந்தர் நியமனங்களில் ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையே மூண்ட சண்டையில் கேரளப் பல்கலைக்கழகங்கள் பலவும் சிக்கின. குசாட்டில் 2023ல் ஒருவரின் பதவிக்காலம் முடிந்தபின் பொறுப்புத் துணைவேந்தர்களைக் கொண்டே காரியம் நடந்தது. அன்றாடக் கையெழுத்துகளுக்கு அது போதும். பத்தாண்டுத் திட்டம் வகுத்து, விடுதிக்கு நிதி கேட்டு, வாதாடிப் பெறுவதற்கு நிலையான தலைமை வேண்டும். இந்தச் சண்டையில் யார் பக்கம் சட்டம் இருந்தாலும் நஷ்டம் மாணவருடையது.

இத்தனை குறைகளுக்கு நடுவிலும் 2024ல் தேசியத் தரவரிசையில் மாநில அரசுப் பல்கலைக்கழகங்களுக்கென்று முதல்முறை வெளியான பட்டியலில் குசாட் பத்தாம் இடம் பெற்றது. முதலிடம் அண்ணா பல்கலைக்கழகத்துக்கு. ஆய்வுக் கட்டுரைகளும் ஆசிரியர் தகுதியும் அந்த வரிசையில் எடை பெறுகின்றன. மழை நாளில் மாணவர் எங்கே தங்குகிறார் என்பது அந்த எண்ணிலிருந்து தெரியாது.

குசாட்டில் சேர விரும்பும் தமிழ்நாட்டு மாணவர்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நுழைவுத் தேர்வு எழுதலாம். கடல், கப்பல், பாலிமர், வளிமண்டலம், ஒளியணுவியல் ஆகிய துறைகளில் தென்னிந்தியாவில் இதற்கு ஈடான மாநில அரசுப் பல்கலைக்கழகம் அரிது. விண்ணப்பிக்கும் முன் அந்தப் படிப்பு எந்த வளாகத்தில் நடக்கிறது, கட்டணம் எந்த வகையைச் சேர்ந்தது, விடுதியில் முதல் ஆண்டு மாணவருக்கு இடம் உண்டா என்ற மூன்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு முடிவு செய்யுங்கள்.